ஐந்து பெயர்களும் ஒரு பஸ்ஸும்

எங்கள் ஊரில் அப்போது ஐம்பது வீடுகள் இருந்தன. பெயர்கள் ஐந்து இருந்தன. பத்து வீட்டுக்கு ஒரு பெயர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த ஐந்து பெயர்களும் ஒன்றுகூடி என் தங்கையின் படிப்பை விழுங்கப் பார்த்தன. விழுங்கவிடாமல் தடுத்தவள் என் அம்மா. அதற்கு அவள் என்ன கொடுத்தாள் என்பது ஊரில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நான் இப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலண்டர் சீசன் வந்தால் தமிழ்நாட்டில் இருக்கிற ஊர்ப் பெயரெல்லாம் என் மேஜைக்கு வரும். தேதித்தாளுக்கு மேலே கடைப் பெயர், அதற்குக் கீழே ஊர்ப் பெயர். கடைப் பெயரில் தப்பு வந்தால்கூட சிலர் பொறுத்துக்கொள்வார்கள், ஊர்ப் பெயரில் வந்தால் லோடையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனிதர்களுக்கு ஊர்ப் பெயர் மேல் என்ன இவ்வளவு வீம்பு என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் போதாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே போகிற ரோட்டில், இரண்டு பட்டாசுக் கம்பெனிகளின் முள்வேலியைத் தாண்டி எங்கள் ஊர். என் தாத்தாவும் அவருடைய பங்காளிகளும் ஏதோ ஒரு வருஷம் கண்மாய் வற்றிப்போய், கிழக்கே இருந்து சட்டிபானையோடு நடந்து வந்தார்கள். ரோட்டோரத்துப் புளியமரத்தின் அடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கினார்கள். பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது, அதனால் பெரிய ஊர்க்காரர்கள் இருக்கவிட்டார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இவர்கள் "புளியடியில" என்பார்கள். அதுவே முதல் பெயர். ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போய்விட்டது. கிழவர்கள் பெயரை விடவில்லை.

இரண்டாவது பெயர் பெரிய ஊர் கொடுத்தது. பெரிய ஊர் என்பது ரோட்டிலிருந்து தெற்கே உள்ளே தள்ளி இருக்கிற பழைய ஊர், எங்களுக்குக் கூலி கொடுத்த ஊர். பஞ்சம் பிழைக்க வந்தவன் பஞ்சத்தான். அவன் இருக்கிற இடம் பஞ்சத்தான்பட்டி. சொன்னவர்களுக்கு அது வசவு என்றுகூடத் தோன்றியிருக்காது. கணக்கெடுக்க வந்தவர் வெயிலுக்குப் பயந்து பெரிய ஊரிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதிலிருந்து ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நாங்கள் பஞ்சத்தான்பட்டிதான்.

தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தபோது ஒரு தலைவரின் பெயரைப் போட்டு, பின்னால் நகர் என்று சேர்த்து வாசலில் வளைவு வைத்தார்கள். அது மூன்றாவது. அந்தக் கட்சியில் இருந்த இளவட்டங்களைத் தவிர யாரும் அதைச் சொன்னதில்லை. பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்ற வர ஆரம்பித்ததும், டிரைவர்கள் வைத்திருந்த பட்டியலில் நாங்கள் ஆறாவது ஸ்டாப் ஆனோம். அது நாலாவது பெயர். காட்டு வேலை குறைந்து பெண்கள் எல்லாரும் வேனில் ஏறிவிட்ட காலம் அது. ஊருக்குள் மிளகாயும் பருத்தியும் பேசியவர்கள் ஆர்டர், லோடு, சீசன் என்று பேச ஆரம்பித்தார்கள். நானும் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு அந்த வேனில் ஏறியவள்தான். எட்டு முடிந்தால் வேன் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம்.

ஐந்தாவது பெயரை வைத்தவள் அம்மா.

அம்மாவுக்கு இரண்டாவது பெயரைக் கேட்டால் உடம்பெல்லாம் எரியும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஊரில் குடிதண்ணீர் கிடையாது. பெரிய ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு போக வேண்டும். அங்கே அவர்கள் எல்லாரும் இறைத்து முடிக்கிறவரை, "பஞ்சத்தான்பட்டிக்காரிக அங்கன தள்ளி நில்லுங்க" என்பார்களாம். நான் வயிற்றில் இருந்த ஒன்பதாம் மாதம்கூட அந்த வெயிலில் தள்ளித்தான் நின்றாளாம். இதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லும்போதுகூட "அந்தப் பேரச் சொல்லி" என்றுதான் சொன்னாள், பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியும் மோட்டார் ரூமும் வந்த பிறகும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

சாயங்கால எழுத்தறிவு வகுப்பில் அம்மா எழுதப் படிக்கப் பழகியிருந்தாள். எழுத்து வந்தவுடன் அவளுக்கு வந்த முதல் யோசனை ஊர்ப் பெயரை மாற்றுவது. ஊருக்குச் செவ்வந்திபுரம் என்று பெயர் வைக்க வேண்டும் என்றாள். எங்கள் கரிசலில் யாரும் செவ்வந்தி போட்டதில்லை. அவள் பார்த்த செவ்வந்தி பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளில் இருந்தது. அந்த லேபிளை அவள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள்.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் அம்மன் கோவில் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஊருக்குள் ஒத்துவராத காரியம் எதுவானாலும், சீட்டில் எழுதிப் பூவோடு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது வழக்கம். எடுத்தது அம்மன் வாக்கு, அதற்கு மேல் பேச்சில்லை. அன்று ஐந்து பெயருக்கு ஐந்து பொட்டலம் போட்டார்கள். பிள்ளை எடுத்தது செவ்வந்திபுரம். குலவை போட்டார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து பொட்டலத்திலும் அதே பெயர்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எழுதியவள் நான். எழுதச் சொன்னவள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மன் எங்கள் இருவரையும் இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாளே அம்மா மோட்டார் ரூம் சுவரில் வெள்ளையடித்து, காவியைக் கரைத்து, ஆள் உயரத்துக்குச் செவ்வந்திபுரம் என்று எழுதினாள். எழுத்துகள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டு நின்றன, ஆனாலும் ரோட்டில் போகிறவனுக்குத் தெரிந்தது. அடுத்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தாள். "எவனாச்சும் வந்து அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா, அப்படி ஒரு ஊரே இங்கன இல்லன்னு சொல்லணும். என்ன?" என்றாள். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிக் காட்டின. ஆளுக்கு ஒரு சீனி மிட்டாய் கிடைத்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சீசனில்தான் அம்மா யாரென்று கம்பெனிக்காரர்களுக்கும் தெரிந்தது. சீசன் என்றால் ஒரு நாள் ஆள் குறைந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது. காலையில் வேன் வந்து நின்றது. டிரைவர் பட்டியலைப் பார்க்காமல் வழக்கம்போல், "பஞ்சத்தான்பட்டி, ஏறு ஏறு!" என்று கத்தினார். அம்மா தூக்குச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். நாற்பது பேர்.

"என்னம்மா, ஏறலையா?" என்றார் டிரைவர்.

"எந்த ஊர்க்காரகளை ஏறச் சொல்றீக? அப்படி ஒரு ஊரு இங்கன இல்லையே" என்றாள் அம்மா.

"காலங்காத்தால வெளையாடாதீக. லோடு நிக்குது."

"நிக்கட்டும். நாங்களும் உக்காந்துக்கிறோம்."

அரைமணி நேரம் கழித்து போர்மேன் பைக்கில் பறந்து வந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் டிரைவரிடம் திரும்பி, "அது என்ன பேரோ அதைச் சொல்லித் தொலையேன்யா" என்றார். டிரைவர் சுவரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "செவ்வந்திபுரம், ஏறு" என்றார். நாற்பது பெண்களும் எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு, மகாராணிகள் மாதிரி ஒருத்தர் பின் ஒருத்தராக ஏறினோம். அன்று வெடிச்சரம் பின்னுகிற ஷெட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்ததற்கு மேஸ்திரியிடம் நாலு தடவை திட்டு வாங்கினோம். அதற்குப் பிறகு எந்த வேன்காரனும் பழைய பெயரைச் சொன்னதில்லை. கூலியைக் கூட்டிக் கேட்கக்கூடத் துணியாத பெண்கள், ஒரு பெயருக்காக நாற்பது பேராக உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அடுத்த சித்திரையில் தங்கை எட்டாம் வகுப்பு முடித்தாள்.

அவள் என்னைப் போல் இல்லை. நான் சுமாராகப் படித்தவள். அவள் பரீட்சை முடிந்த மறுநாளே பெரிய ஊரில் ஒரு பிள்ளையிடம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி வந்து, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் கழிவு லேபிள் தாளில் அட்டை போட்டுவைத்தாள். அட்டையெல்லாம் மயிலும் ராக்கெட்டுமாக இருக்கும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். நான் வேனில் ஏறியபோது யாரும் எனக்காக எதையும் நிறுத்தவில்லை. ஆனால் விடிந்ததும் அவள் சத்தம்போட்டுப் படிக்கிறதைக் கேட்டுக்கொண்டே தலை பின்னும்போது, இவளாவது இந்த வெடிமருந்து வாசனையிலிருந்து தப்பட்டும் என்றுதான் தோன்றும்.

பெரிய ஊர்ப் பள்ளியில் எட்டு வரைதான், உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வழியில் வீடு கிடையாது, கடை கிடையாது, கருவேலங்காடும் லாரியும்தான். நடந்தோ சைக்கிளிலோ பெண்பிள்ளையை அனுப்ப யாருக்கும் தைரியமில்லை. எங்கள் ரோட்டில் பஸ் போகும், நிற்காது. நாங்கள் கையைக் காட்டினால் டிரைவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவார். பெரிய ஊருக்குள் வரும் பஸ் வேறு பக்கம் போகிற பஸ். ஆக, எங்கள் ஊரில் பஸ் நின்றால் தங்கைக்குப் பள்ளிக்கூடம், நிற்காவிட்டால் வேன். போர்மேன் ஏற்கெனவே அம்மாவிடம், "சின்னவளைப் பெட்டி ஒட்ட அனுப்புங்க, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவைத்திருந்தார்.

ஊர் கூடிப் பேசியது. பஸ் நிற்க மனு கொடுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எந்தப் பெயரில் கொடுப்பது என்பதில்தான் வந்தது வினை. கிழவர்கள் புளியடி என்றார்கள். இளவட்டங்கள் தலைவர் பெயர் போட்டால்தான் அதிகாரி பயப்படுவான் என்றார்கள். பெண்கள் அம்மன் கொடுத்த பெயர் என்றார்கள். கடைசியில் கோபித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு மனு எழுதினார்கள். மூன்று மனு. எங்கள் வீட்டிலேயே அப்பா புளியடியில் கையெழுத்துப் போட்டார், அம்மா செவ்வந்திபுரத்தில் போட்டாள். ஒரே அடுப்பு, இரண்டு ஊர்.

வைகாசியில் பதில் வந்தது. மூன்று மனுவுக்கும் மூன்று கடிதம். மோட்டார் ரூம் முன்னால் நின்று நான்தான் படித்துக் காட்டினேன். தாங்கள் குறிப்பிடும் மூன்று குக்கிராமங்களும் பதிவேட்டில் இல்லை. ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது வீடுகளே இருப்பதாக மனுக்களிலிருந்து தெரிகிறது. அவ்வளவு குறைந்த வீடுகளுக்கு நிறுத்தம் வழங்க வழியில்லை. தவிர, ஒரே ரோட்டில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நிறுத்தங்கள் கேட்பது நியாயமில்லை. இதுதான் சாரம். அந்த அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் மூன்று ஊராகத்தான் இருந்தோம்.

தங்கை கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் படித்து முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பா பஸ் ஆபீசுக்குப் போய்வந்தார். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர் போல. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "ஒங்க ஊரு எங்க கணக்குல பஞ்சத்தான்பட்டி. அந்தப் பேர்ல ஊரே சேர்ந்து ஒரே மனுவாக் குடுங்க, ஸ்டாப் கெடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து, கையைக் கழுவி, "மனுவை எழுதி எடுத்துட்டு வாங்க" என்றாள். எழுதி வந்ததும் முதல் கையெழுத்து அவளுடையது. அவள் போட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வீம்பு இருக்க முடியும்? ஐம்பது வீடும் போட்டது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பத்து நாள் கழித்துக் கிராம உதவியாளர் வந்து சொன்னார், "ஒங்க ஊரைப் பாக்க ஒரு ஆபீசர் வந்துட்டுப் போய்ட்டாராமே. அப்படி ஒரு ஊரே இல்லன்னு எழுதிட்டாராம்" என்று.

நாங்கள் எல்லாரும் கம்பெனியில் இருந்த நேரத்தில் வந்திருக்கிறார். சுவரைப் பார்த்தால் செவ்வந்திபுரம் என்று இருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், பஞ்சத்தான்பட்டி எதுப்பா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஒரே குரலில், "அப்படி ஒரு ஊரே இங்கன இல்ல" என்றிருக்கின்றன. நாங்கள் விசாரித்தபோது அதைப் பெருமையாக ஒப்பித்துக் காட்டிவிட்டு, மிட்டாய் கேட்டு என் அம்மாவிடமே வந்தன. அம்மா மிட்டாய் கொடுத்தாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் அம்மா வேனில் ஏறவில்லை. என்னையும் ஏறவிடவில்லை. வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, ரேஷன் கார்டை மஞ்சப்பையில் வைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு, பெரிய ஊர்வரை நடந்து போய் பஸ் பிடித்து பஸ் ஆபீசுக்குப் போனாள். மத்தியானம்வரை வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட்டபோது, ஊருக்கு வந்துபோன அதிகாரி சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?" என்றார்.

அம்மா ரேஷன் கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அவர் பார்த்துவிட்டு, "அங்கன வந்தேனேம்மா. செவத்துல வேற பேரு. பிள்ளைககிட்ட கேட்டா அப்படி ஊரே இல்லங்குதுக. நான் என்ன செய்ய?" என்றார்.

"பிள்ளைக மேல தப்பு இல்ல சார். அப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கினது நாந்தான். செவத்துல எழுதினதும் நாந்தான்."

"ஏம்மா?"

அம்மா கிணற்றைப் பற்றியெல்லாம் சொல்லவில்லை. "அது ஒரு வீம்பு சார். இன்னொரு தடவ வாங்க. சின்னவ ஒம்போதாப்பு போகணும்" என்றாள்.

அவர் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளிக்கெழமை வாறேன். செவத்துல சரியான பேரு இருக்கணும். ஊரே அதே பேரச் சொல்லணும்" என்றார். அம்மா கும்பிட்டாள். வெளியே வந்ததும் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அம்மா சுண்ணாம்பு வாளியோடு மோட்டார் ரூமுக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். எங்கள் செட்டிலேயே வாய்த்துடுக்கான ஒரு சித்தி, "அப்ப நாம ரோட்டுல உக்காந்தது எதுக்குக்கா? எல்லாம் வீணா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வீணா எப்படிப் போகும்? நாப்பது பேரு உக்காந்தா வேன் நிக்கும்னு தெரிஞ்சுச்சுல்ல" என்றாள் அம்மா. "பேரு நான் வச்சது. நானே அழிச்சுக்கிடுறேன். யாரும் சுண்ணாம்பு மட்டையைத் தொடாதீக."

இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்த பிறகும் காவி மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை அடித்தாள். காயும்வரை நின்றாள். அப்புறம் காவியைக் கரைத்து, பஞ்சத்தான்பட்டி என்று எழுதினாள். முதல் பெயரை எழுதியபோது இருந்த தடுமாற்றம் இப்போது இல்லை, எழுத்து வரிசையாக வந்தது. நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் யாரைக் கண்டும் அவ்வளவு மலைத்து நின்றதில்லை. பெரிய பதவியில் இருக்கிறவர்களையெல்லாம் அச்சக வேலையில் பார்த்தாகிவிட்டது, இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நாளைக்கு ஒருவர் வந்து கேட்பார், சுவரில் இருக்கிற பேரைச் சொல்லுங்கள் என்றாள். "நீதான சின்னம்மா இல்லன்னு சொல்லச் சொன்ன?" என்று ஒன்று கேட்டது. "சொன்னேன். இப்ப இருக்குன்னு சொல்லு" என்றாள். அப்போதும் அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. சுவரைத்தான் கையால் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அப்பாதான் பேசினார். கிழவர்கள், இளவட்டங்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அவர் சுவரைப் பார்த்தார், பளிச்சென்ற புதுச் சுண்ணாம்பைப் பார்த்தார், கூட்டத்தில் நின்ற அம்மாவையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் என்று தகவல் வந்தது.

அந்த மூன்றாம் நாள் காலையில் பஸ் நின்றபோது ஊரே ரோட்டில் இருந்தது. யாரோ டிரைவருக்கு மாலை போட்டார்கள். தங்கை, நான், அம்மா மூவரும் ஏறினோம். யாரும் சொல்வதற்கு முன்பே நடத்துநர் பள்ளிக்கூடத்துக்கு மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். பள்ளியில் தங்கையைச் சேர்த்தோம். சான்றிதழைப் பார்த்துத் தலைமையாசிரியை தாமே எல்லாம் எழுதிக்கொண்டார். மத்தியானம் அன்றைக்கு மட்டும் தங்கையையும் கூட்டிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். சந்தைக் கூட்டம். பெரிய ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன்சீட்டுகளில் இருந்தார்கள். அவர்களும் எங்கள் ஸ்டாப்பில் இறங்கித்தான் உள்ளே நடந்து போக வேண்டும்.

நடத்துநர் கூட்டத்தை இடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். காலையில் வந்தவர் இல்லை, வேறு ஆள்.

"எங்கம்மா போகணும்?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பஞ்சத்தான்பட்டி. மூணு" என்றாள்.

கிணற்றடியில் குரல் கொடுக்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். முன்சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். அம்மா தங்கையின் தோளில் கைவைத்து அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"சிரிங்கய்யா. நல்லா சிரிங்க. பஞ்சத்தான்பட்டிதான். எம் மக அங்கன இருந்துதான் நாளைலருந்து படிக்க வாறா. நாளைக்கும் இந்த பஸ்ஸு அங்கன நிக்கும், நாளான்னைக்கும் நிக்கும்" என்றாள்.

முன்சீட்டில் சிரித்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடத்துநர் மூன்று டிக்கெட்டைக் கிழித்து அம்மாவின் கையில் கொடுத்தார். கருவேலங்காடும் இரண்டு கம்பெனி வேலியும் தாண்டியதும் விசில் அடித்தார்.

பஸ் நின்றது. நாங்கள் இறங்கினோம்.